காலி வீதிக் கதைகள் – 17: மின்வெட்டு எழுதிய தொடர்கதை

2022 ஜூன் 17, வெள்ளிக்கிழமை. இலங்கையில் அரச ஊழியர்களுக்கு அன்றைக்கு விசேட லீவு. வேலைக்குப் போகப் பெற்றோல் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று தோட்டம் செய்யுங்கள், மரக்கறி நடுங்கள் என்று அமைச்சரவை முடிவெடுத்து, அது நடைமுறைக்கு வந்த முதல் வெள்ளி அதுதான். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருப்பவர் கத்தரிக்கன்றை எங்கே நடுவது என்று யாரும் சொல்லவில்லை. அதே வெள்ளிக்கிழமைதான் 'சுழல்' வந்தது.

பார்க்காதவர்களுக்காக: புஷ்கர்–காயத்ரி உருவாக்கி எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய எட்டு எபிசோட் துப்பறியும் தொடர். சாம்பலூர் என்றொரு கற்பனை ஊர். ஒரே இரவில் அங்கே சிமெந்து ஆலை எரிகிறது, ஒரு பள்ளி மாணவி காணாமல் போகிறாள். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்க, கதிரும் ஸ்ரேயா ரெட்டியும் பொலிஸ் உடுப்பில் தேடுகிறார்கள். பெண்ணின் தகப்பனாகப் பார்த்திபன், தமக்கை நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ். பிரைம் வீடியோவில் முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் ஒரே நாளில் வெளியானது.

டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறிய வருடம் அது. டொலரில் கட்டணம் கட்டும் ஒரு கணக்கை நாலு வீடு பகிர்ந்துகொண்டது. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை போன மின்வெட்டு, ஜூனில் இரண்டு மூன்று மணித்தியாலமாக இறங்கியிருந்தது. ஊரை ஏ, பி, சி என்று எழுத்து வாரியாகப் பிரித்து அட்டவணை போடுவார்கள். அதைப் பார்த்துத்தான் சோறு ஆக்கினோம், தண்ணீர் மோட்டர் போட்டோம், நாடகமும் பார்த்தோம். கரண்ட் போனால் வைஃபையும் போகும். ஃபோனில் பார்க்கலாம் என்றால் கொஞ்ச நேரத்தில் அதுவும் நொண்டத் தொடங்கும். டவரின் பற்றரி எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

வெக்கை பொறுக்காமல் சனம் மொட்டை மாடிக்கு வரும். மெரைன் டிரைவ் பக்கமிருந்து கொஞ்சம் காற்று கிடைக்கும். அங்கேதான் விசாரணை.

“எனக்கு அந்த இன்ஸ்பெக்டர் பொம்பிளையில முதலே சந்தேகம் அன்ரி.”

“நீர் சின்னப்பிள்ளை. ஆர் கூட அழுகினமோ அவையைத்தான் முதல்ல பாக்க வேணும்.”

அன்ரி ஓய்வுபெற்ற கணித ரீச்சர். அவரிடம் ஒவ்வொரு இரவும் ஒரு புதிய சந்தேகநபர் இருந்தார், அதற்கான நிறுவலும் இருந்தது. கீழ்மாடியில் மருந்துக்கடை வைத்திருப்பவர் தன் பங்குக்கு ஆலை முதலாளியை மாட்டிவைத்தார். யாராவது அடுத்த எபிசோடைப் பார்த்துவிட்டு வந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்ற சட்டமும் தானாகவே வந்துவிட்டது.

ஒரே இருப்பில் பார்த்து முடிக்கும்படி வெளியிட்ட ஒரு தொடரை மின்வெட்டு துண்டு துண்டாக வெட்டித் தந்தது. வெட்டிய இடங்களில் யோசிக்க நேரம் கிடைத்தது, பேச ஆட்களும் கிடைத்தார்கள். எட்டு மணித்தியாலத்துக்கும் குறைந்த கதை, பல வீடுகளில் ஒரு கிழமைக்கு மேல் ஓடியது. மின்வெட்டை நான் புகழவில்லை. இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தவர்களும், மெழுகுதிரியில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும் இதே கட்டடத்தில்தான் இருந்தார்கள். ஆனால் துப்பறியும் கதைக்கு எப்படிப்பட்ட இடைவெளி பொருந்தும் என்பதை அந்த ஜூன் மாதம் எனக்குக் காட்டிக்கொடுத்தது உண்மை.

இரண்டாம் சீசன் 2025 பெப்ரவரி 28இல் வந்தது. நடுவில் இரண்டு வருடம் எட்டு மாதம். முதல் சீசன் வந்து மூன்று கிழமையில், ஜூலை 9ஆம் திகதி, சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது; கோட்டாபய ராஜபக்ஷ நாட்டை விட்டுப் போனார். ரணில் விக்கிரமசிங்க வந்தார், சர்வதேச நாணய நிதியத்தின் கடனும் வந்தது. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க பதவியேற்றார். 'நந்தினிக்கு என்ன ஆகும்?' என்று ஒரு ஜனாதிபதியின் காலத்தில் கேட்ட கேள்விக்கு மூன்றாவது ஜனாதிபதியின் காலத்தில்தான் பதில்.

இரண்டாம் சீசனுக்குச் சற்று முந்தி நடந்த இன்னொரு துப்பறியும் கதையையும் சொல்லாமல் போக மனமில்லை. பெப்ரவரி 9, ஞாயிறு, நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். ஊரே சிரித்தது. நவீனத் துப்பறியும் கதைக்குத் தொடக்கம் என்று சொல்லப்படும் எட்கர் அலன் போவின் 1841ஆம் ஆண்டுக் கதையிலும் குற்றவாளி ஒராங்குட்டான்தான். (இந்த முடிவை உடைத்ததற்காக யாரும் கோபிக்க வேண்டாம், 180 வருடத்துக்கு மேல் பொறுத்தாயிற்று.) நுரைச்சோலை அனல்மின் நிலையம் திரும்ப ஓடும்வரை சில நாள் ஒன்றரை மணித்தியால வெட்டு இருந்தது. 28ஆம் திகதி வந்தபோது எல்லாம் சீராகிவிட்டது.

ஆகவே இந்த முறை தடங்கல் இல்லை. காளிப்பட்டினம், அஷ்டகாளித் திருவிழா, பூட்டிய வீட்டுக்குள் செத்துக் கிடக்கும் வக்கீல் செல்லப்பாவாக லால், கொலையை ஆளாளுக்குத் தான்தான் செய்ததாகச் சொல்லும் இளம்பெண்கள். மொட்டை மாடியில் ஒரு மாதம் பேசலாம் என்ற அளவுக்குச் சரக்குள்ள புதிர். ஞாயிற்றுக்கிழமை லிஃப்டில் அன்ரியைக் கண்டேன்.

“பாத்தாச்சோ?”

“ஓம், நேற்றே முடிச்சிட்டன்.”

லிஃப்ட் நின்றது, அவர் இறங்கிப் போனார். வழக்கு விசாரணை அவ்வளவுதான். போதாததற்கு, நந்தினி ஏன் சிறையில் இருக்கிறாள் என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. பழைய சீசனை முதலிலிருந்து பார்த்துவிட்டு வருகிறோம் என்று போனவர்கள், பழையதோடு நின்றுவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது? கதாசிரியர்களுக்கு வேறு வேலை இருந்தது. புஷ்கரும் காயத்ரியும் 2022 செப்டம்பரில் 'விக்ரம் வேதா'வை ஹிந்தியில் கொண்டுவந்தார்கள். அந்த டிசம்பரில் அவர்கள் தயாரிப்பில் எஸ். ஜே. சூர்யா நடித்த 'வதந்தி' வந்தது. அது தவிர, இப்படியொரு சீசன் என்பது மூன்று படம் ஒன்றாக எடுப்பதற்குச் சமம். எட்டையும் எழுதி, எட்டையும் எடுத்து, அத்தனை மொழிக்கும் குரல் கொடுத்து முடிந்த பிறகே முதல் எபிசோட் வெளியே வரும். வாரத் தொடர் எழுதுகிறவனுக்கு இந்தச் சொகுசு கிடையாது. நான் செவ்வாய்க்கிழமை கொடுக்காவிட்டால் ஆசிரியர் புதன்கிழமை ஃபோன் எடுப்பார்.

காத்திருக்க வைப்பதில் பிபிசியின் 'ஷெர்லொக்'கும் லேசுப்பட்டதல்ல. 2010 ஜூலை–ஆகஸ்டில் மூன்று எபிசோட். 2012 ஜனவரியில் மூன்று. 2014 ஜனவரியில் மூன்று. 2016 புதுவருடத்தன்று ஒன்றே ஒன்று. 2017 ஜனவரியில் மூன்று. ஏழு வருடத்தில் பதின்மூன்று; அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பெனடிக்ட் கம்பர்பாட்சும் மார்ட்டின் ஃப்ரீமனும் இந்தத் தொடரால் பெரிய நடிகர்களானார்கள். பெரிய நடிகர்களானதால் இந்தத் தொடருக்குத் திகதி கிடைக்காமல் போனது.

2012 ஜனவரி 15ஆம் திகதி ஷெர்லொக் லண்டன் ஆஸ்பத்திரி மொட்டை மாடியிலிருந்து குதித்தான். கடைசிக் காட்சியில் உயிரோடு நின்றான். எப்படி? விடைக்கு இரண்டு வருடம் பொறுக்க வேண்டியிருந்தது. எல்லாத் தடயமும் அந்த எபிசோடுக்குள்ளேயே கிடக்கிறது என்ற நம்பிக்கையில் உலகமே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. வெள்ளவத்தையில் அப்போது டிவிடி கடைகள் உயிரோடிருந்தன. வட்டை வாங்கிப்போன பெடியன்கள் கடை வாசலிலேயே நின்று குப்பை லொறியையும் சைக்கிள்காரனையும் பற்றித் தர்க்கித்ததை நான் கேட்டிருக்கிறேன். 2014இல் கிடைத்த விடை சுமார்தான். தொடரே இரண்டு மூன்று விளக்கத்தைச் சொல்லி, விளக்கம் தேடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தது. என் கணக்கில் அந்த இரண்டு வருடம், விடை சொன்ன எபிசோடை விட நல்லது.

கொலம்போ என்ற அமெரிக்கத் துப்பறிவாளருக்கு இடைவெளி இன்னும் பெரியது. 1978 மே மாதம் நின்ற தொடர், 1989 பெப்ரவரியில்தான் மீண்டது. யாருக்கும் பெரிய நட்டமில்லை. அதில் கொலைகாரன் யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். ஒவ்வொரு வழக்கும் அன்றைக்கே முடியும். பீட்டர் ஃபாக் அதே கசங்கிய கோட்டோடு திரும்பி வந்தால் போதும், சனம் உட்கார்ந்துவிடும். 'சுழல்' இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வழக்கை முடித்துவிடுகிறது, ஆனால் நந்தினிக்காக எங்களைக் காக்கவும் சொல்கிறது. முடிந்த வழக்கில் ஊகிக்க என்ன இருக்கிறது? மறக்கத்தான் முடியும்.

கொழும்புத் தமிழருக்கு இந்த இடைவெளி தொலைக்காட்சியோடு வந்ததல்ல. 1970களின் தொடக்கத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. தொடர்கதைகள் நடுவழியில் நின்றன. அதனால் இங்கே ஒரு நன்மையும் விளைந்தது: கிராண்ட்பாஸ் வீதியில், கொட்டாஞ்சேனைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த வீரகேசரி, ஈழத்து நாவல்களை அடுத்தடுத்துப் புத்தகமாகப் போட்டது. அதன் சகோதரப் பத்திரிகையான 'மித்திரன்' மர்மத் தொடர்களுக்குப் பேர்போனது. வேலை விட்டு வருகிறவர்கள் பஸ்ஸிலேயே வாசித்து முடிப்பார்கள்.

கொட்டாஞ்சேனையில் இருந்த என் பெரியம்மா அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு கொலைக்கதையைப் பாதியில் இழந்தவ. சும்மா இருக்கவில்லை. முடிவைத் தானே கட்டி, பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் வாசலில் காணுகிற சிநேகிதிகளுக்குச் சொல்லிவிட்டா. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்தபின், அதே கதை புத்தகமாகக் கைக்கு வந்தது. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நான் சொன்னதுதான் நல்லம்” என்றா. சிநேகிதிகளும் அவவின் முடிவைத்தான் ஏற்றுக்கொண்டார்கள் என்று கேள்வி.

பிறகு வந்த போர்க்காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் காத்திருப்பே ஒரு தொழிலாக இருந்தது. வடக்கிலிருந்து வந்து விசாவுக்கும் ஏஜென்சிக்காரனின் அழைப்புக்கும் மாதக்கணக்கில் இருந்தவர்கள், வரவேற்பறை டிவியில் எதையாவது தொடர்ந்து பார்ப்பார்கள். அழைப்பு வந்த அன்று தொடரின் முடிவைப் பற்றி யார் நினைப்பார்? 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை இந்த லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. சீசனுக்கு இடையில் இவ்வளவு தாமதமா என்று யாராவது சலித்துக்கொண்டால், எனக்கு அந்த வரவேற்பறைகளின் ஞாபகம் வராமல் இருப்பதில்லை. ஆனால் ஒன்றை வைத்து மற்றதைச் சின்னதாக்க எனக்கு விருப்பமில்லை. அங்கே இருந்தவர்களும் கொலைகாரன் யார் என்று ஆவலோடுதான் தர்க்கித்தார்கள்.

ஷெர்லொக் ஹோம்ஸ் வாசகர்களின் பெரிய காத்திருப்பு எல்லோருக்கும் தெரிந்தது. 1893 டிசம்பரில் ஆர்தர் கொனன் டொயில் அவரை அருவியில் தள்ளினார். மீண்டும் உயிரோடு கொண்டுவந்தது 1903இல். பத்து வருடம். அதை விட நீண்ட ஒன்று இருக்கிறது, அது நமக்குரியது. 1891 ஜூலையில் 'ஸ்ட்ரான்ட்' சஞ்சிகையில் வந்த முதல் ஹோம்ஸ் சிறுகதையிலேயே, திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தை ஹோம்ஸ் துலக்கியதாகக் கேள்விப்பட்டேன் என்று வாட்சன் போகிறபோக்கில் சொல்கிறார். டொயில் மொத்தம் 56 சிறுகதையும் நான்கு நாவலும் எழுதினார், 1930இல் இறந்தார். அட்கின்சன்களின் கதையை எழுதவேயில்லை. இறந்தது அண்ணனா தம்பியா, இருவருமா? ஹோம்ஸ் கப்பலேறி வந்தாரா, லண்டனில் புகைபிடித்தபடியே தீர்த்தாரா? அந்த ஒற்றை வரியில் எதற்கும் பதில் இல்லை. வெளிநாட்டு ரசிகர்கள் சிலர் தங்கள் ஊகத்தை எழுதிப் பார்த்திருக்கிறார்கள். கடலும் கோட்டையும் துறைமுகமும் தெரிந்த நம்மவர்களிடம் ஒரு முடிவு இருந்தால் எழுதி அனுப்புங்கள். பக்கத்தை நான் ஆசிரியரிடம் கேட்டு வாங்குகிறேன்.

(தொடரும்)