நரம்பின் மின்குறிப்பும் ஏலத்தோட்டத்து மருந்தும்

கோட்டயம் – குமுளி நெடுஞ்சாலையில் பெரியாற்றங்கரையில் அமைந்துள்ள வண்டிப்பெரியார், தேயிலைக்குப் பெயர் பெற்ற ஊர். குமுளியைத் தாண்டி வண்டன்மேடு, உடும்பன்சோலை எனச் செல்லச் செல்ல ஏலத்தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. கம்பம், போடி பகுதிகளிலிருந்து ஜீப்புகளில் மலையேறி வரும் தமிழ்த் தொழிலாளர் பலருக்கு இத்தோட்டங்களே வாழ்வாதாரம். ஏலச்செடியை இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் விடாது தாக்குவதால், ஆண்டில் பலமுறை பூச்சிக்கொல்லி தெளிக்கப்படுகிறது. இதனைத் தோட்டங்களில் 'மருந்தடித்தல்' என்பர். நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்துவிட்ட பிறகு அதனிடம் அச்சம் குறைவது இயல்பே. குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் சேர்மங்கள் இங்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளன. இவை பூச்சியைக் கொல்லும் வழியும் மனிதனைத் தாக்கும் வழியும் ஒன்றே. அவ்வழி நரம்பு வழியாகும். எனவே நரம்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நரம்பு உயிரணுவின் உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதி. வெளியே சோடியம் அயனிகள் மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிலைப்பதன்று. உயிரணுச் சவ்விலுள்ள ஒரு புரதம், மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்ளும் பணியை ஓயாது செய்துகொண்டிருக்கிறது. இப்பணிக்கு ஆற்றல் செலவாகிறது. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கிய காரணம். செய்தி அனுப்புவதற்கு முன்பே, அதற்கான இருப்பைச் சேர்த்து வைப்பதற்கு ஆகும் செலவு இது எனலாம்.

ஓய்வு நிலையில் சவ்வு வழியே பொட்டாசியம் சிறிதளவு வெளியே கசிகிறது. நேர்மின்னூட்டம் வெளியேறுவதால் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தம் கொண்டதாகிறது. தூண்டல் ஒன்று வந்து இவ்வழுத்தத்தைச் சுமார் 55 மில்லிவோல்ட்டாகக் குறைத்தால், சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திடீரெனத் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய, உட்புறம் நொடிப்பொழுதில் நேர்மின்னழுத்தம் அடைகிறது. உடனே சோடியம் வாயில்கள் அடைபட்டுப் பொட்டாசியம் வாயில்கள் திறக்க, பழைய நிலை மீள்கிறது. இவ்வளவும் நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். கணவாய் மீனின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து, 1952இல் இதனைக் கணித வடிவில் நிறுவியவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற பிரிட்டிஷ் அறிஞர்கள். 1963ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவர்களுக்கு எக்கிள்ஸுடன் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இம்மின்குறிப்பு கம்பியில் மின்சாரம் செல்வதுபோல் செல்வதன்று. கோடையில் மலைச்சரிவின் காய்ந்த புல்லில் தீ பரவுவதை ஒப்பிடலாம். ஒவ்வொரு புதரும் தன் எரிபொருளாலேயே எரிந்து அடுத்த புதரைப் பற்றவைக்கிறது. எனவே தொலைவு கூடுவதால் தீ மங்குவதில்லை. எரிந்த இடத்திற்கு உடனே திரும்புவதுமில்லை. நரம்பிலும் அவ்வாறே. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் அளந்த வேகம் நொடிக்குச் சுமார் 30 மீட்டர்தான். மையலின் உறை போர்த்த நரம்புகளில் குறிப்பு இடைவெளிக்கு இடைவெளி தாவிச் செல்வதால், வேகம் நொடிக்கு 100 மீட்டரையும் எட்டும்.

நரம்பின் முனையில் மின்சாரம் நின்றுவிடுகிறது. நரம்புக்கும் தசைக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியைக் கடப்பது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். அது தசையைத் தொட்டுச் சுருங்கச் செய்கிறது. வேலை முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதனைச் சிதைத்துவிடும். ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சு தாக்குவது இந்த நொதியைத்தான். நொதி முடங்கினால் செய்தி முடிவதேயில்லை. கண்ணீர், உமிழ்நீர், வியர்வை பெருகும், கண்மணி சுருங்கும், தசைகள் துடித்துத் துடித்துப் பின் தளரும், மூச்சு நின்று உயிர் போகும்.

இதன் கொடுமையைக் கேரளம் 1958லேயே கண்டது. கப்பலில் பாரத்தியான் நஞ்சோடு ஏற்றிவரப்பட்ட உணவுப் பொருள்களில் அது கசிந்து கலந்ததால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்நிகழ்ச்சிக்குப் பிறகு எழுந்த கவலையின் விளைவே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம். 1971ஆம் ஆண்டின் விதிகள் பாதுகாப்பு உடை, கையுறை, முகமூடி ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. டப்பாவின் மேலுள்ள சாய்சதுர முத்திரையில் சிவப்பு நிறம் இருந்தால் அது மிகக் கொடிய நஞ்சு.

ஆனால் ஈரமும் வெக்கையும் நிறைந்த சரிவில், முதுகில் தெளிப்பானைச் சுமந்து செல்பவர் தடித்த உடையை நாள் முழுதும் அணிந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது காகிதத்தில் மட்டுமே எளிது. இந்நஞ்சு தோல் வழியாகவும் உடலில் ஏறும் என்பது அங்குப் பலருக்கும் சொல்லப்படுவதில்லை. நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டுச் சோப்பும் தண்ணீரும் கொண்டு உடலைக் கழுவுவதே முதலுதவி. மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி உயிர் காக்கும். முடங்கிய நொதியை மீட்கும் மருந்தும் உண்டு, ஆயினும் காலம் தாழ்ந்தால் அது பயன்படாது. தாழ்வதோ எளிது, மலைத்தோட்டத்திலிருந்து பெரிய மருத்துவமனை தொலைவில் இருக்கிறது.

நொதியின் அளவைச் சிறிதளவு இரத்தத்திலேயே அறிந்துவிடலாம். தெளிப்புப் பருவம் தொடங்குமுன் ஒருமுறையும் இடையில் ஒருமுறையும் அளந்தால், அறிகுறி தோன்றுமுன்பே தொழிலாளியை வேறு வேலைக்கு மாற்றிவிட முடியும்.