பழைய சரக்கு வண்டியைப் பேணும் முறை

மாட்டு வண்டி ஓட்டிப் பழகிய குடியானவர் எவரும் கடையாணியைத் தொட்டுப் பாராமல் வண்டியைக் கிளப்பமாட்டார். அச்சுக்கு மை போட்டிருக்கிறதா, சக்கரத்தின் இரும்புப் பட்டா தளர்ந்திருக்கிறதா, பூட்டாங்கயிறு நைந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே மூட்டைகளை ஏற்றுவார். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்னும் பழமொழியின் பொருளை அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் வீட்டு வாசலில் இன்று நிற்கும் சிறு சரக்கு வண்டிக்கு இந்த நல்ல வழக்கம் பெரும்பாலும் இல்லாமற் போய்விட்டது. சாவியைத் திருப்பினால் ஓடுகிறது. ஓடும் வரையில் ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

1986-ஆம் ஆண்டில் டாடா 407 வண்டியும், 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வண்டியும் விற்பனைக்கு வந்தன. பின்னதை நம் மக்கள் ‘குட்டி யானை’ என்று செல்லமாக அழைக்கின்றனர். இவையும் பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளும் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்த பின்னர் கைமாறிக் கிராமங்களுக்கு வந்து, காய்கறி, நெல், உரம், தீவனம் முதலியவற்றைச் சுமந்து வருகின்றன. வயதானது வண்டியின் குற்றமன்று. சிறு கசிவையும் சிறு சத்தத்தையும் கவனியாது விடுவதே பெரும்பாலான பெருஞ்செலவுகளுக்குக் காரணம். விடியற்காலைச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிய வண்டி பாதி வழியில் நின்றால் பழுதுச் செலவோடு சரக்கின் விலையும் போகிறது. பிரேக் தவறினாலோ உயிரே போகிறது. ஆகவே உரிமையாளர் தம் கையாலேயே செய்யக் கூடியவை எவை, செய்யலாகாதவை எவை என்பதை இங்கு எடுத்துரைப்போம்.

காலையில் கால் மணி நேரம்

இரவில் வண்டியைச் சமதரையில் நிறுத்துதல் நலம். காலையில் கிளப்பு முன், நின்ற இடத்தின் தரையை முதலில் பார்க்க வேண்டும். கறுப்புச் சொட்டு எஞ்சின் எண்ணெயின் கசிவைக் காட்டும். பச்சை அல்லது சிவப்பு நீர், ரேடியேட்டரின் கூலண்டாக இருக்கலாம். சக்கரத்தின் உட்புறம் ஈரமாயிருந்தால் பிரேக் திரவம் கசிகின்றது என ஐயுற வேண்டும். ஐயமுள்ள வண்டியை எடுக்கலாகாது.

அடுத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே எண்ணெய் அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கும் நடுவே நிற்பது சரியான அளவு. மேற்குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. எண்ணெய் பால் கலந்த காப்பி போலிருந்தால் அதில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்பது பொருள். ஊற்றாமலே அளவு உயர்ந்து டீசல் நாற்றம் வீசினால் டீசல் இறங்குகிறது. இவ்விரு நிலைகளிலும் எஞ்சினை ஓட்டாது மெக்கானிக்கை அழைக்க வேண்டும். டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுத்திருப்பது மட்டும் நோயன்று, அது இயல்பு. எண்ணெயை மாற்றும் தவணைக்கு வண்டியோடு வந்த கைப்புத்தகத்தையே பின்பற்ற வேண்டும். எண்ணெயை மாற்றும்போது அதன் வடிகட்டியையும் மாற்றுவதே முறை.

ரேடியேட்டரும் கிணற்றுத் தண்ணீரும்

நம் மாவட்டங்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. தேநீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெண்ணிறப் படிவை இல்லத்தரசிகள் அறிவர். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. கோடையில் பாரத்துடன் ஏற்றம் ஏறும்போது எஞ்சின் கொதிப்பதற்கு இது முக்கியமான காரணமாகும். ஆகையால் வடித்த நீரில் கலந்த கூலண்டை மட்டுமே ஊற்ற வேண்டும். கூலண்ட் துருவைத் தடுக்கும். கொதிநிலையையும் சற்று உயர்த்தும். வழியில் வேறு கதியின்றிக் கிணற்று நீரை ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டு மாற்றுதல் வேண்டும்.

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் 100 டிகிரி செல்சியசுக்கு மேலும் சூடாகியிருக்கும். மூடி திறந்த கணமே அது ஆவியாகச் சீறி முகத்தையும் கண்களையும் வேகவைத்துவிடும். வெப்பமானியின் முள் ஏறினால் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, அது நன்கு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். விசிறி பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும், விரலால் அழுத்தினால் அது சுமார் அரை அங்குலத்திற்கு மேல் தொய்கிறதா என்பதையும் எஞ்சின் நின்றிருக்கும்போது வாரம் ஒரு முறை பார்ப்பது போதுமானது.

காற்றும் டீசலும்

அறுவடைக் காலத்தில் களத்துமேட்டுத் தூசியும் வைக்கோல் தூளும் காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடுகின்றன. காற்றுக் குறைந்தால் டீசல் முழுவதும் எரியாது, கரும்புகை வரும், செலவு கூடும். காகித வடிகட்டியை மெல்லத் தட்டியோ, உட்புறமிருந்து வெளிப்புறமாகக் குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்தியோ சுத்தம் செய்யலாம், தண்ணீரில் கழுவலாகாது. புகையின் நிறமும் ஒரு நாடி போன்றது. கரும்புகை காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடான பின்னும் நிற்காத வெண்புகை, எரியாத டீசலையோ, உள்ளே நீர் புகுவதையோ காட்டும்.

டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரை அதற்குரிய திருகைத் தளர்த்தி அவ்வப்போது வடித்துவிட வேண்டும். டீசல் முற்றிலும் தீர்ந்து வண்டி நின்றுவிட்டால், மீண்டும் நிரப்பினாலும் குழாய்களில் காற்று அடைத்துக்கொண்டு எஞ்சின் கிளம்பாது. பழைய வகை பம்பு உள்ள வண்டிகளில், வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சிறிது தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, நுரையின்றி டீசல் வரும் வரை காற்றை எடுத்துப் பின் திருகை இறுக்க வேண்டும். இதனைச் செய்யத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு ஓட்டுநருக்கும் பயன்படும். ஆனால் காமன் ரெயில் என்னும் புதிய வகை எஞ்சின்களில் உயர் அழுத்தக் குழாய்களைத் தொடலாகாது. அவற்றுள் டீசலின் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் 1,000 மடங்கிற்கும் மேற்பட்டது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சலும் தோலைத் துளைத்து உட்புகும்.

உயிர் காக்கும் பிரேக்

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகைக்குப் புதிதாயிருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியசு இருத்தல் வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் இந்த வரம்பு 140 டிகிரி ஆகும். சமவெளியில் இவ்வேறுபாடு தெரியாது. கொல்லிமலைச் சாலையை எண்ணிப் பாருங்கள். அதில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பலாப்பழமோ வாழைத்தாரோ ஏற்றி இறங்கும் வண்டியில் பிரேக்கை ஓயாது மிதித்தால் சூடேறிப் பழைய திரவம் கொதிக்கும். திரவத்தை அழுத்திச் சுருக்க இயலாது; ஆவியைச் சுருக்கலாம். எனவே மிதிகட்டை தரை வரை இறங்கியும் வண்டி நிற்காது. முன்னறிவிப்பின்றி நேரும் அபாயம் இதுவே. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் திரவத்தை முழுவதும் மாற்றிவிடுவதே இதற்குரிய காப்பு.

இறக்கத்தில், அதே சாலையில் ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சமாகும் என்று எண்ணி எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் உருட்டிச் செல்வோர் உள்ளனர். எஞ்சின் நின்றால் பிரேக்கிற்குத் துணைசெய்யும் வெற்றிட விசையும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். பிறகு முழுப் பலத்துடன் மிதித்தாலும் போதாது. மிச்சமாகும் சில ரூபாய் டீசலுக்கு ஈடாக வைக்கப்படுவது ஓட்டுநரின் உயிரும் எதிரே வருவோரின் உயிருமாகும்.

தினமும் வண்டியை நகர்த்து முன், எஞ்சின் ஓடும்போது மிதிகட்டையை உறுதியாக அழுத்திப் பத்து எண்ணும் வரை பிடியுங்கள். அது ஓரிடத்தில் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு உள்ளது. பஞ்சு போலிருந்தால் குழாயில் காற்று உள்ளது. திரவத் தொட்டியில் அளவு திடீரெனக் குறைந்தால் ஊற்றி நிரப்புவதோடு நின்றுவிடாது காரணத்தைக் கண்டறிதல் வேண்டும். பிரேக் தொட்டியில் எஞ்சின் எண்ணெயையோ வேறு எண்ணெயையோ ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் உறுப்புகள் உப்பிக் கெட்டு, பிரேக் முழுவதும் பழுதாகும்.

டயரும் பாரமும்

டயரின் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் அளக்க வேண்டும். ஸ்டெப்னியையும் மறவாது பார்க்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்றுவதே முறை. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்களின் நேர்மை தவறியிருக்கலாம். வில்பட்டையில் விரிசல் உள்ளதா என்று மாதம் ஒரு முறை பார்த்து, கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில் கிரீஸ் செலுத்துக. உர மூட்டை, கோழி எரு, மீன் பெட்டி ஆகியவற்றை இறக்கிய பின் அன்றே தளத்தைக் கழுவிவிட வேண்டும். உப்பு படிந்த இரும்பை ஈரம் விரைவில் அரிக்கும்.

தொடக்க கால டாடா ஏஸ் வண்டி 750 கிலோ பாரத்திற்கென அமைக்கப்பட்டது. 40 கிலோ நெல் மூட்டைகள் 18 ஏற்றினால் 720 கிலோ ஆகும்; 19-வது மூட்டை அளவை மீறிவிடும். உங்கள் வண்டிக்குரிய பாரம் அதன் பதிவுச் சான்றிலிருந்து தெரியவரும். மிகைப் பாரத்தால் வில்பட்டை முறிவதும் டயர் வெடிப்பதும் ஒரு புறமிருக்க, நிறுத்தும் தூரமும் நீள்கிறது. வேகம் இரு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய விசைச் சக்தி நான்கு மடங்காகும். சரக்குத் தளத்தில் நடவுக்கோ திருமணத்திற்கோ ஆட்களை நிறுத்தி ஏற்றிச் செல்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அவர்கள் பற்றிக்கொள்ள இருக்கையோ கட்டிக்கொள்ள வாரோ இல்லை. வளைவில் வண்டி கவிழ்ந்தால் அவர்களே முதலில் தூக்கி எறியப்படுவர்.

பாட்டரி

நீர் ஊற்றும் வகைப் பாட்டரியில் தகடுகள் மூழ்கி, அவற்றின் மேல் ஒரு சென்டிமீட்டர் உயரம் திரவம் நிற்க வேண்டும். குறைந்தால் வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும், அமிலம் சேர்க்கலாகாது. முழுச் சக்தியுள்ள 12 வோல்ட் பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவு இருப்பது நல்லது. முனைகளில் பூக்கும் பொடியை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவலாம். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதனை இறுதியிலும் செய்க. சார்ஜ் ஏறும் பாட்டரி எளிதில் தீப்பற்றும் வாயுவை வெளியிடும். அருகே பீடியோ தீக்குச்சியோ கூடாது.

செய்யலாகாதவை

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுவது பெருந்தவறு. ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கன்று. உறுதியான தாங்கிகளை வைத்து, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பின்னரே அடியில் செல்ல வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரத்தில் நொறுங்கும். அவற்றைத் தாங்கியாக வைக்கலாகாது. சக்கரத்தை மாற்றினால் நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கி, சுமார் 50 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும். பிரேக்கின் உள்ளுறுப்புகள், ஸ்டீயரிங், எஞ்சினின் உட்பகுதி ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விடுக. ஆனால் நோயின் குறிகளைச் சரியாகச் சொல்லத் தெரிந்த உரிமையாளரிடம் தேவையற்ற செலவு வைப்பது எவருக்கும் எளிதன்று.

பஞ்சாயத்துகள் செய்யக் கூடியவை

கழித்த எஞ்சின் எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவது குடிநீரைக் கெடுக்கும். 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயகரக் கழிவாகும். ஊரில் ஓரிடத்தில் மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைத்து அதனைச் சேகரித்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கப் பஞ்சாயத்து ஏற்பாடு செய்யலாம். பழைய பாட்டரிகளையும் உடைத்து ஈயம் எடுக்க விடாது, புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் செய்தல் வேண்டும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சாகும். அருகிலுள்ள அரசினர் தொழிற் பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பிரிவு இருக்குமாயின், அதன் ஆசிரியரை அழைத்து, ஊர்ப் பொது இடத்தில் ஒரு நாள் செயல் விளக்கம் நடத்தலாம்.

பஞ்சாயத்தின் வண்டியாயினும் தனியார் வண்டியாயினும், ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருத்தல் அவசியம். எண்ணெய் மாற்றிய நாளும் ஓடிய கிலோமீட்டரும், பிரேக் திரவம் மாற்றிய நாள், பாட்டரி வாங்கிய நாள், இன்சூரன்ஸ் முடியும் நாள் ஆகியவற்றை அதில் குறித்து வருக. எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமாதலால் அந்நாளையும் குறிப்பது நலம். இதற்காகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவுமே. சான்று வாங்கும் வாரத்தில் மட்டும் வண்டியைச் சீர்செய்து, மற்ற 51 வாரங்கள் மறந்துவிடுவோர்க்கும், நாள்தோறும் கால் மணி நேரம் செலவிடுவோர்க்கும் உள்ள வேறுபாடு அப்புத்தகத்தின் பக்கங்களில் தெளிவாகத் தெரிந்துவிடும்.