நினைவிடம் யார் கையில்?

நினைவுத்தூண் நட்டுட்டா கடமை முடிஞ்சது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நட்டபின் அதைக் காப்பது யார் என்பதே பெரிய கேள்வி.

அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கைப் பாருங்கள். 1919 ஏப்ரல் 13-இல் டயரின் படை அங்கே மக்களைச் சுட்டது. பின்னர் பொதுமக்கள் நன்கொடையில் அந்நிலம் வாங்கப்பட்டது. 1951-இல் நாடாளுமன்றச் சட்டப்படி அறக்கட்டளை அமைந்தது. பிரதமர் தலைவர், காங்கிரஸ் தலைவரும் அறங்காவலர்.

2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. காங்கிரஸ் தலைவரின் இடம் நீக்கப்பட்டது. மக்களவையில் எதிர்க்கட்சித் தலைவர் இல்லையென்றால், பெரிய எதிர்க்கட்சியின் தலைவர் அறங்காவலராவார். நியமன அறங்காவலர் பதவிக்காலம் ஐந்தாண்டு; அதற்கு முன்பே அவரை மத்திய அரசு நீக்கலாம். தேசிய நினைவிடத்தில் ஒரு கட்சிக்குத் தனியிடம் எதற்கு என்றது அரசு. நிலம் வாங்க முன்நின்றவர்களை ஒதுக்கலாமா என்றது காங்கிரஸ். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால், காரணம் சொல்லாமலே நீக்கும் அதிகாரம் எந்த ஆட்சியிடம் இருந்தாலும் ஆபத்துதான்.

இது நமக்கெதற்கு என்பீர்கள். தங்கவயல் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. மாரிகுப்பத்தில் குழிக்குள் இறங்கி மாண்ட நம் தாத்தன்மாருக்கு நாளை ஒரு நினைவிடம் எழுப்பினால், கல்லுக்கு முன்னே பத்திரத்தை எழுதுவோம்: அறங்காவலர் யார்? அவரை நீக்குவது யார்? என்ன காரணத்துக்காக? இந்த மூன்றும் தெளிவா இருந்தால், கல் நம் பேரப்பிள்ளைகள் கையில் பத்திரமாக இருக்கும்.