ஒலியைக் குறைக்க மறுத்த ரிமோட்

சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில், கணக்குக்குச் சம்பந்தமில்லாத வழக்குகளும் நம் முன் வந்து நிற்பதுண்டு. சென்ற பங்குனி மாதம் காவிரிக் கரைக்கு அண்மையிலுள்ள ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தணிக்கைக்குச் சென்றிருந்தோம். நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலைப் புரட்டுகையில், பொது நெசவுக்கூடத்துக்குப் புதிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று ரூ. 18,000-க்கு வாங்குவது என்றும், அத்தொகையைப் பொது நல நிதியிலிருந்து எடுப்பது என்றும் ஒரு தீர்மானம் எழுதப்பட்டிருந்ததைக் கண்டோம். பொது நல நிதி என்பது அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கும், வைத்தியச் செலவுக்கும் ஒதுக்கிய பணம். இருக்கிற பெட்டிக்கு என்ன குறை என்று வினவினோம். படம் தெளிவாக வருகிறது, பாட்டும் கேட்கிறது, ஆனால் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை என்று செயலாளர் கூறினார்.

விவரம் இதுதான். கூடத்தில் முன்பிருந்த பெட்டி மழைக்கால இடியில் கெட்டுப்போயிற்று. அங்கத்தினர் ஒருவரின் மகன், தம் வீட்டில் பயன்படாதிருந்த வேறொரு கம்பெனிப் பெட்டியை அன்பளிப்பாகக் கொடுத்தார். அதனுடன் வந்திருக்க வேண்டிய ரிமோட் எங்கோ தொலைந்துவிட்டது. பழைய பெட்டியில் செருகியிருந்த இணையவழிக் காட்சிக் 'குச்சி'யை, அதாவது இக்காலத்தில் 'ஸ்டிக்' என்று எல்லோரும் சொல்லும் சிறு கருவியை, எடுத்துப் புதிய பெட்டியில் செருகினார்கள். குச்சியின் ரிமோட்டால் படம் மாறுகிறது, பாட்டு மாறுகிறது. ஒலிப் பொத்தானை மட்டும் எத்தனை முறை அழுத்தினாலும் பெட்டி அசைந்து கொடுக்கவில்லை. பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து பார்த்து, பெட்டியின் 'கண்' போய்விட்டது, போர்டு மாற்றுவதைவிடப் புதிதாக வாங்குவதே மேல் என்று சொல்லிப் போய்விட்டாராம்.

பெட்டியில் ஒலிப் பொத்தான் இல்லாமலில்லை. ஆனால் அது பெட்டியின் பின்புறத்தில் இருக்கிறது. பெட்டியோ சுவரில் ஆறடி உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. ஒரு முக்காலியைப் போட்டு ஏறித் தடவித்தான் அதை அழுத்த வேண்டும். குழித்தறியில் அமர்ந்திருந்த மூத்த நெசவாளர் ஒருவர் நம்மிடம், "எந்திரிச்சுப் போயிக் குறைக்கலாம்னா, காலு ரெண்டும் குழிக்குள்ள இருக்குதுங்க ஐயா" என்றார். அவருடைய நியாயம் நமக்கு விளங்கிற்று. பத்துப் பன்னிரண்டு தறிகள் ஓடும்போது 45 என்ற அளவில் வைத்தால்தான் பேச்சு காதில் விழும்; பாவு புணைக்கவோ உணவுக்கோ தறிகள் நின்றவுடன் அதே 45 கூரையைப் பிளக்கும். கூடத்துக்கு அடுத்த வீட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய தாயார் இரண்டு முறை வந்து முறையிட்டுப் பயனில்லாமல், மூன்றாம் முறை வரவேயில்லை; இரு குடும்பத்துக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. தீர்மானத்தின் அவசரம் அதனால் வந்தது.

நிற்க. இந்தக் குச்சியின் வேலை என்ன, பெட்டியின் வேலை என்ன என்பதை அங்கத்தினர் அறிந்திருப்பது நலம். குச்சியை வாய்க்காலுக்கும், பெட்டியை வயலுக்கும் ஒப்பிடலாம். வாய்க்கால் நீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. எவ்வளவு நீர் பாய வேண்டும் என்பதை வயலின் மடைதான் தீர்மானிக்கிறது. குச்சி இணையத்திலிருந்து படத்தையும் ஒலியையும் எடுத்து, 'எச்.டி.எம்.ஐ.' என்னும் துளை வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கிறது. ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் பெட்டியின் கையில் இருக்கிறது. ஆகவே குச்சியின் ரிமோட்டில் ஒலிப் பொத்தானை அழுத்தும்போது, அந்த ஆணை குச்சிக்குப் போவதில்லை. நேரே பெட்டிக்குப் போகிறது.

இங்கேதான் பலரும் மயங்குகிறார்கள். ஒரே ரிமோட்டுக்குள் இரண்டு தூதர்கள் இருக்கிறார்கள். படத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆணைகள் பெரும்பாலும் 'புளூடூத்' என்னும் வானொலி அலையில் குச்சிக்குச் செல்கின்றன. அதற்குச் சுவரும் திரையும் பெரிய தடையல்ல. ஒலி ஆணையோ ரிமோட்டின் முனையிலுள்ள சிறு விளக்கிலிருந்து, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிராகப் பெட்டியை நோக்கிப் பாய்கிறது. அக்கதிர் வினாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடித்து, அந்தத் துடிப்புக்களின் இடைவெளியில் ஒரு சங்கேதத்தை ஏந்திச் செல்கிறது. சங்கேதம் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. ஒரு கம்பெனிப் பெட்டியின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. எனவே ஒரு தூதர் நன்றாக வேலை செய்வதைக் கொண்டு மற்றவரும் சரியாக இருக்கிறார் என்று முடிவு செய்யலாகாது.

ரிமோட்டின் கதை பழையது. அமெரிக்காவில் ஜெனித் கம்பெனியின் யூஜீன் பாலி என்பவர் 1955-ஆம் ஆண்டில் ஒளிக்கற்றையால் இயங்கும் கருவி ஒன்றை அமைத்தார். பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கண்கள் இருந்தன. கைவிளக்கைப் போன்ற கருவியால் அவற்றைக் குறிபார்த்து நிலையத்தை மாற்றலாம், ஒலியை அடக்கலாம். விளம்பரங்களின் கூச்சலை அடக்குவதே அதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது. ஆனால் சன்னல் வழியே வெயில் விழுந்தாலும் நிலையம் தானாக மாறிற்று. மறு ஆண்டிலேயே ராபர்ட் ஆட்லர், சிறு அலுமினியக் கோல்களைச் சுத்தியால் தட்டி, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பும் ரிமோட்டைக் கொண்டுவந்தார். அதற்குப் பாட்டரியே வேண்டியதில்லை. இம்முறை கால் நூற்றாண்டு வரை நிலைத்து, 1980-களில் அகச்சிவப்புக் கதிருக்கு இடம் கொடுத்தது. டில்லியில் தொலைக்காட்சி 1959-இலும், சென்னையில் 1975-இலும் தொடங்கின. நம் ஊர்ப் பெட்டிகளில் வெகு காலம் வரை ஒருவர் எழுந்து போய்க் குமிழைத் திருகுவதே வழக்கமாயிருந்தது. பெரும்பாலும் வீட்டின் கடைசிப் பிள்ளைதான் அந்த ரிமோட்!

இனிச் சங்கத்துப் பெட்டிக்கு வருவோம். நாம் யந்திர சாஸ்திரம் கற்றவரல்லோம். ஆயினும் ரூ. 18,000 செலவுக்கு ஒப்புக்கொள்ளுமுன் சிறிது பார்த்துவிடுவோம் என்று தோன்றிற்று. முதலில் ரிமோட்டின் விளக்கு எரிகிறதா என்று சோதித்தோம். இதற்கு எளிய வழி உண்டு. கைபேசியின் காமிராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு எதிரே பிடித்து ஒலிப் பொத்தானை அழுத்தினால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத விளக்கு திரையில் வெளிர் ஊதாவாக மின்னும். சில கைபேசிகளின் பின்புறக் காமிராவில் அக்கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதால், முன்புறக் காமிராவில் பார்ப்பது நல்லது. விளக்கு மின்னிற்று, ஆனால் மங்கலாக. செயலாளர் ஆள் அனுப்பி இரண்டு புதிய பாட்டரிகளை வாங்கிப் போட்டார். விளக்கு பளிச்சிட்டது, ஒலி அப்படியே 45-இல் நின்றது.

தூதர் போகிறார், பேச்சுத்தான் புரியவில்லை என்றால், மொழி வேறாக இருக்க வேண்டும். குச்சி முன்பு வேறு கம்பெனிப் பெட்டியில் இருந்ததல்லவா? முதன்முதல் அதைப் பொருத்தியபோது கற்றுக்கொண்ட பழைய பெட்டியின் சங்கேதத்தையே ரிமோட் இன்னும் ஓதிக்கொண்டிருந்தது. குச்சியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, பெட்டியின் கம்பெனிப் பெயரை மாற்றிக் கொடுத்தோம். ஒலிப் பொத்தானை அழுத்துக, ஒலி மாறிற்றா என்று திரை கேட்டது. இல்லை என்றோம். அடுத்த சங்கேதத்தை முயன்றது; அதுவும் இல்லை. மூன்றாவது முயற்சியில் திரையின் ஓரத்தில் 45 என்பது 44 ஆயிற்று. கூடத்தில் தறிகள் நின்றுவிட்டன. எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

ஆனால் பழுது பார்ப்பவரை முழுவதும் குறை கூறுவதற்கில்லை. முக்காலியில் ஏறிப் பெட்டியின் அருகே நின்று அழுத்தினால் வேலை செய்த ரிமோட், தறிக் குழியிலிருந்து அழுத்தியபோது மறுபடியும் மௌனம் சாதித்தது. உற்று நோக்கினோம். ஆயுத பூஜையன்று பெட்டிக்கு வைத்த சந்தனப் பொட்டு, கீழ்விளிம்பில் இருக்கும் கதிர் வாங்கும் சிறு சன்னலின் மேலேயே அழகாகக் காய்ந்து படிந்திருந்தது! ஈரத்துணியால் துடைத்தபின், மூத்த நெசவாளர் குழியில் அமர்ந்தபடியே ஒலியை 12 வரை இறக்கினார், திரும்ப 30-க்கு ஏற்றினார், மறுபடி இறக்கினார். சிறிது நேரம் ரிமோட்டை அவர் கையிலிருந்து வாங்க முடியவில்லை.

இத்தொல்லை பல வீடுகளில் இருப்பதாக அறிவதால் சில விவரங்களை எழுதுகிறோம். அமேசானின் 'ஃபயர் டி.வி.' குச்சியில், 'செட்டிங்ஸ்' என்பதில் 'எக்விப்மெண்ட் கண்ட்ரோல்', அதனுள் 'மேனேஜ் எக்விப்மெண்ட்', அதனுள் 'டி.வி.' என்று சென்றால் கம்பெனியை மாற்றலாம். 2017-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த குச்சியின் ரிமோட்டில் ஒலிப் பொத்தானே கிடையாது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ரிமோட்டில்தான் அது சேர்ந்தது. அத்தகைய பழைய குச்சி வைத்திருப்போர், ஒலிப் பொத்தானுள்ள அந்த ரிமோட்டை மட்டும் வாங்கி இணைத்துக்கொள்ளலாம். குச்சியை மாற்ற வேண்டியதில்லை. கூகுள் கருவியாயின் 'செட்டிங்ஸ்' பகுதியில் ரிமோட் பற்றிய தலைப்பின் கீழ் 'வால்யூம் கண்ட்ரோல்' இருக்கிறது. அதில் அகச்சிவப்பு ஒரு வழி, 'சி.இ.சி.' மற்றொரு வழி.

சி.இ.சி. என்பது எச்.டி.எம்.ஐ. கம்பியினுள்ளேயே ஓடும் ஒரு தனி இழை. படமும் ஒலியும் செல்லும் அதே கம்பியில், ஒலியைக் குறை, பெட்டியை அணை என்ற ஆணைகளும் அதன் வழியே செல்லும். சந்தனமும் திரைச்சீலையும் அதைத் தடுக்க மாட்டா. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் அதற்குத் தனிப்பெயர் சூட்டி மக்களைக் குழப்பியிருக்கிறது. சாம்சங் பெட்டியில் 'எனிநெட்', எல்.ஜி.யில் 'சிம்ப்லிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்' என்றிருப்பதெல்லாம் இது ஒன்றுதான். பெட்டியின் அமைப்பில் அது அணைந்திருந்தால் இயக்கிவிட வேண்டும்.

2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டிகளை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கும் அங்கத்தினர் சிலர் உண்டு. அவற்றில் எச்.டி.எம்.ஐ. துளை இல்லை, இடையில் ஒரு மாற்றுக்கருவி வேண்டும். அங்கே சி.இ.சி. பயன்படாது, அகச்சிவப்பே கதி. வெளி ஒலிபெருக்கி இணைத்திருக்கும் மஞ்சள் விவசாயி ஒருவர், பெட்டியின் எண் குறைந்தும் ஓசை குறையவில்லை என்றார். அவர் வீட்டில் மடை பெட்டியில் இல்லை, ஒலிபெருக்கியில் இருக்கிறது. அதன் கம்பெனியைத்தான் ரிமோட்டுக்குக் கற்பிக்க வேண்டும்.

இன்னொரு குறை ரிமோட்டால் தீராதது. திரைப்படத்தில் பேச்சு முணுமுணுப்பாகவும் சண்டை இடியாகவும் இருப்பதற்குக் காரணம், அரங்கின் பல ஒலிபெருக்கிகளுக்காக அமைத்த ஒலியைப் பெட்டியின் இரண்டு சிறு ஒலிபெருக்கிகள் சுமப்பதுதான். பெட்டியின் அமைப்பில் 'ஆட்டோ வால்யூம்' இருந்தால் இயக்கிப் பார்க்கலாம். விளம்பரம் நிகழ்ச்சியைவிட உரத்து ஒலிக்கலாகாது என்று அமெரிக்காவில் 2010-இல் சட்டமே செய்தார்கள். நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் இருப்போர் செவி நாளடைவில் மந்தமாகும் என்பது வைத்தியர் துணிபு. விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல் அதனினும் மிகுவதுண்டு. அந்த இரைச்சலை வெல்வதற்காகப் பெட்டியையும் உரக்க வைப்பது இரட்டைச் சுமை. தறி ஓடும்போது படத்தை மட்டும் பார்த்து, நின்றபின் கேட்பதே செவிக்கு நல்லது. மூத்த நெசவாளர் இதற்கு மட்டும் இணங்கவில்லை.

அன்று மாலை நிர்வாகக் குழு கூடித் தீர்மானத்தைக் கைவிட்டது. ரூ. 18,000 பொது நல நிதியிலேயே இருக்கிறது. தேர்வு முடியும்வரை மாலை 6 மணிக்குமேல் 10-க்கு மிகாமல் வைப்பது என்று தலைவர் தாமே அடுத்த வீட்டுக்குச் சென்று சொல்லிவந்தார். பாட்டரிச் செலவு ரூ. 40 என்று சில்லறைக் கணக்கில் எழுதியிருந்தது. ரசீது இல்லை. கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்த்தோம்.