கீமோ ஏற்றும் செவிலியர் யார் என்று கேட்டீர்களா?

கீமோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்பி எட்டு, பத்து நாள் ஆகியிருக்கும். இரவு பதினொரு மணிக்கு நோயாளிக்கு உடம்பு சுடுகிறது. வீட்டில் ஒரு பாராசிட்டமால் கொடுத்து, போர்வை போர்த்தி, "காலையில டாக்டரைப் பார்த்துக்கலாம்" என்று படுக்க வைக்கிறார்கள். சென்னையில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று நன்றாகப் படித்த குடும்பங்களிலேயே இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். விடிவதற்குள் ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. பிறகு ஐ.சி.யு.தான்.

கீமோ மருந்து புற்றுநோய்ச் செல்களை மட்டும் தாக்குவதில்லை. எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. பெரும்பாலான மருந்துகளுக்கு ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் ஒன்றுதான் எச்சரிக்கை மணி. சீழ் இருக்காது, வீக்கம் இருக்காது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசர நிலை. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றும் அளவுகோல். தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அது காய்ச்சலை மறைக்கும், தொற்றைத் தடுக்காது.

இதை நோயாளியிடம் உட்கார்ந்து சொல்லி அனுப்ப வேண்டியவர் யார்? ஓ.பி.யில் ஐந்து நிமிடம் பார்க்கும் டாக்டருக்கு நேரமில்லை. புற்றுநோய்ப் பிரிவில் பயிற்சி பெற்ற செவிலியர்தான் சொல்ல வேண்டும். பிரிட்டனில் கீமோ நோயாளியின் கையில் 24 மணி நேர எண் அச்சிட்ட எச்சரிக்கை அட்டை இருக்கும். மறுமுனையில் பேசுபவர் பெரும்பாலும் அந்தத் துறையில் தேர்ந்த செவிலியர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உயர்நிலைப் பயிற்சி முடித்த செவிலியர்கள் நோயாளியைப் பரிசோதித்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, மருந்தும் எழுதித் தருகிறார்கள். இங்கே 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை "நர்ஸ் பிராக்டிஷனர்" என்ற பணிநிலையை உருவாக்க வேண்டும் என்றது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அப்படி ஒரு முதுநிலைப் படிப்பையும் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்தது. புற்றுநோய்க்கு ஓராண்டு டிப்ளமோ உண்டு. ஆனால் அதைப் படித்த செவிலியருக்குத் தனி அதிகாரமும் கிடையாது, தனிப் பதவியும் அரிது. கீமோ வார்டில் கை பழகியவரை அடுத்த மாதம் பிரசவ வார்டுக்கு மாற்றும் நிர்வாகங்கள் இருக்கின்றன. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிய நகரம் இது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நிலை என்பது வெட்கக்கேடு.

அரசு விழிக்கும்வரை நீங்கள் சும்மா இருக்க முடியாது. முதல் கீமோவுக்கு முன்பே நேரடியாகக் கேளுங்கள்: மருந்து ஏற்றப்போகும் செவிலியர் புற்றுநோய்ப் பிரிவில் பயிற்சி பெற்றவரா? இரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, எடுப்பவர் யார்? வரவேற்பறை எண்ணைத் தந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் "காய்ச்சல் வந்தால் தொடர்புகொள்ளவும்" என்று அச்சடித்து, யாரை என்று சொல்லாமல் விட்ட காகிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் எண்ணைப் பேனாவால் எழுதி வாங்குங்கள். மருந்தின் பெயர், ஏற்றிய தேதி, கடைசி ரத்தப் பரிசோதனை, ஒவ்வாமை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி தெர்மாமீட்டரோடு வையுங்கள். எமர்ஜென்சி வாசலில் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். "கீமோ போட்டு ஒன்பதாவது நாள், காய்ச்சல் 101" என்று சொல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108.

மருந்து ஏறும்போதும் கவனம் வேண்டும். டாக்சோரூபிசின் போன்ற சிவப்பு மருந்து நரம்பை விட்டுக் கசிந்தால் தோலும் தசையும் வெந்துபோகும். பயிற்சி பெற்ற செவிலியர் மருந்தைத் திறப்பதற்கு முன் சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார், சலைன் ஓட்டிப் பார்ப்பார், நடுநடுவே "எரியுதாம்மா?" என்று கேட்பார். எரிந்தால் அந்த நொடியே சொல்லுங்கள், நிறுத்தச் சொல்லுங்கள். "கொஞ்சம் எரியத்தான் செய்யும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். வீட்டுக்கு வந்து ஒத்தடம் கொடுக்காதீர்கள். சில மருந்துக்குக் குளிர்ந்த ஒத்தடம், சிலவற்றுக்குச் சூடு. மாற்றிக் கொடுத்தால் புண் பெரிதாகும்.

என்னை மிகவும் பயமுறுத்துவது "ஹோம் நர்ஸ்" ஏஜென்சிகள். குளிப்பாட்டவும் சோறு ஊட்டவும் வரும் பல பெண்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள். ஆனால் எல்லோரும் பதிவுபெற்ற செவிலியர்கள் அல்லர். கையில் போட்டிருக்கும் பிக் லைன் குழாயை இவர்களிடம் கழுவச் சொல்வது தொற்றை நேராக இதயத்தின் வாசலுக்கு அனுப்புவது. 10 மி.லி.க்குக் குறைந்த சிரிஞ்சால் அழுத்தினால் குழாயே கிழியலாம். கழுவிய பிறகு நடுக்கத்தோடு குளிர் வந்தால் குழாயில் தொற்று என்று வைத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

ஏஜென்சி தரும் பயோடேட்டா போதாது. தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் குழுமத்தின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் பதிவு எண் இருக்கும், புதுப்பித்த தேதியையும் பாருங்கள். குழும அலுவலகம் மயிலாப்பூரிலேயே, சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் சான்றிதழின் நகலோடு நேரில் போய் விசாரிக்கலாம். வாசலைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள்கூட இப்படி ஓர் அலுவலகம் இருப்பதை அறியாமல் இருக்கிறார்கள். சான்றிதழ் காட்டத் தயங்குபவரை ஊசி, குழாய், டிரிப் எதையும் தொடவிடாதீர்கள்.

பணம் கொடுத்து ஆள் வைக்க முடியாதவர்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பெயரைப் பதியலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்குச் செவிலியர் வீட்டுக்கே வருவார். கட்டணம் கிடையாது. டிஸ்சார்ஜ் சம்மரி நகல், ஆதார், முகவரியோடு போங்கள். "லிஸ்ட்ல இல்ல" என்று திருப்பி அனுப்பினால் மருத்துவ அலுவலரைப் பாருங்கள், 104-க்குக் கூப்பிடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பற்றிய கேள்விகளுக்கு 1800 425 3993.

தவறு நடந்துவிட்டால் வார்டில் கத்துவதால் பயனில்லை. சிகிச்சை ஆவணங்களின் நகல் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். கேட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. கடிதத்தின் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். செவிலியர் மீதான புகார் சாந்தோம் குழுமத்துக்கு. மருத்துவமனை மீதான புகார் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்துக்கு. இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

அங்கே மனுப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் மருந்து ஏற்றிய நேரத்தையும் ஏற்றியவர் பெயரையும் காட்டும் செவிலியர் குறிப்புத் தாள் உங்கள் கையில் இல்லையென்றால் அந்த மனு நிற்பது கடினம். நகல் கேட்கும் கடிதத்தை இந்த வாரமே கொடுங்கள்.