கடல் கடந்த ஸ்கொத்தியர்

உலகப் படத்தை விரித்து நோக்குவோர், ஸ்கொத்லாந்து தேசத்து ஊர்ப்பெயர்கள் அத்தேசத்துக்குப் புறத்தே மலிந்து கிடத்தலைக் காண்பர். கனடாவின் கல்கரி, மல் என்னுந் தீவிலுள்ள சிற்றூரொன்றின் பெயரைப் பெற்றது. நியூசிலாந்தின் டனீடின், எடின்பரோவின் கேலிக் மொழிப் பெயரேயாம். நமது அக்கரப்பத்தனையிலும் கிளாஸ்கோ உண்டு; பல்மோரல் உண்டு. சிறியதொரு தேசத்து மக்கள் இத்துணைத் தூரம் பரந்தமைக்குக் காரணம் யாது?

நிலக்கிழார் துரத்தினர், குடிகள் கப்பலேறினர் என்பதே பலரும் கூறும் விடை. அது பாதி உண்மை. வடக்கிலும் மேற்கிலும் கேலிக் பேசி வாழ்ந்த மலைநாட்டார் வரலாறு வேறு. தெற்கே தாழ்நிலத்து நகரங்களில் வாழ்ந்தோர் வரலாறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தல் தகாது.

மலைநாட்டாரை முதலில் நோக்குவோம். 1746ஆம் ஆண்டு கலோடன் போரில் அவர்தம் படை முறிந்தது. குலத்தலைவர் படைத்தலைமை இழந்து வெறும் நிலவுடைமையாளராயினர். முன்னர் ஆட்பலத்தை எண்ணிப் பெருமை கொண்டோர், பின்னர் வாரப்பணத்தை எண்ணத் தலைப்பட்டனர். வாரம் உயரவே, இயன்றோர் தாமாகவே புறப்பட்டனர். 1773இல் ஹெக்டர் என்னும் பழங்கப்பல் ஏறத்தாழ 190 பேரை ஏற்றிக்கொண்டு நோவா ஸ்கோசியாவின் பிக்டோவுக்குச் சென்றது. வழியில் 18 பேர் நோயால் மாண்டனர். எஞ்சியோர் கரையிறங்கிக் கண்டது பெருங்காடு.

இங்கு வியப்பானதொரு செய்தியுண்டு. அக்காலத்து நிலக்கிழார் பலர் குடிகள் செல்வதை விரும்பினாரல்லர், தடுக்கவே முயன்றனர். கடற்பாசியை எரித்துப் பெறுஞ் சாம்பர், சவர்க்காரத்துக்கும் கண்ணாடிக்கும் வேண்டப்பட்டது. நெப்போலியப் போர்க்காலத்தில் அதன் விலை ஏறிற்று. குளிர்நீரில் நின்று பாசி அரியக் கூலியாட்கள் தேவைப்பட்டனர். 1803இல் பிரயாணிகளின் நலங்கருதியதெனச் சொல்லப்பட்ட கப்பற் சட்டமொன்று நிறைவேறியது. அதனால் கப்பற்கட்டணம் உயர்ந்தது. ஏழைகள் கரையிலே நின்றுவிட்டனர். அச்சட்டத்தைப் பின்னின்று தூண்டியோருள் நிலக்கிழாரும் இருந்தனர். 1815இல் போர் முடிந்த பின் சாம்பர் விலை வீழ்ந்தது. நேற்றுவரை போகாதே என்றோர் இன்று போ என்றனர். இரக்கத்தின் பெயரால் இயற்றிய சட்டத்தில் யாருக்கு இலாபம் என ஆராயும் வழக்கத்தை மாணவர் கைக்கொள்ளல் நன்று.

இதற்கிடையில் சதர்லாந்துப் பகுதியில் செவியற் செம்மறியாட்டுக்காகப் பள்ளத்தாக்குகள் வெறுமையாக்கப்பட்டன. 1814இல் ஸ்திராத்நேவரில் வீடுகள் எரியூட்டப்பட்டன. அவ்வெளியேற்றத்தை நடத்திய பத்திரிக் செல்லர் 1816இல் வழக்கு மன்றில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவரென விடப்பட்டார். 1846இல் உருளைக்கிழங்கு நோய் பஞ்சத்தைக் கொணர்ந்தது. 1851இல் தெற்கு யூயிஸ்ற், பாரா தீவுகளின் உரிமையாளர் 1,500 பேருக்கு மேல் கனடாவுக்கு அனுப்பினார். கைப்பொருளற்ற நிலையில் அவர் கியூபெக்கில் இறங்கினர். குடியானவருக்கு நிலவுறுதி அளித்த சட்டம் 1886இலேயே வந்தது. அதற்குள் காலங் கடந்துவிட்டது.

தாழ்நிலத்தார் கதை இதனின் வேறு. அங்கே ஆலைகள் பெருகின; வேலையுமுண்டு. ஆயினும் மக்கள் சென்றனர். கல்வியை ஒரு காரணமாகக் கொள்ளலாம். பதினாறாம் நூற்றாண்டு முடியுமுன்னரே அச்சிறு தேசம் இங்கிலாந்திலும் கூடுதலான பல்கலைக்கழகங்களைப் பெற்றிருந்தது. கற்றோர் தொகைக்கேற்ற பதவி உள்நாட்டில் இல்லை. வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர், கணக்கர் கடல் கடந்தனர். 1848இல் ஒட்டாகோவிற் குடியேறியோர்க்குச் சமயகுருவாய்ச் சென்ற தோமஸ் பேர்ன்ஸ், கவிஞர் ரொபேட் பேர்ன்ஸின் உடன்பிறந்தார் மகனாவர். 1869இல் அங்கே ஒரு பல்கலைக்கழகம் நிறுவினர். நியூசிலாந்தில் அதுவே முதலாவது. கனடாவின் முதற் பிரதமர் மக்டொனால்ட் பிறந்ததும் கிளாஸ்கோவிலே என்பதை, அந்நாட்டில் வாழும் நம் பழைய மாணவர் அறிந்திருப்பர்.

புகழ்ச்சியோடு நிறுத்துதல் எளிது. குடியேறிய நிலம் யாருடையது என்ற வினா நிற்கின்றது. ஸ்கைத் தீவிற் பிறந்த அங்கஸ் மக்மிலன் 1838இல் அவுஸ்திரேலியாவை அடைந்து, கிப்ஸ்லாந்துப் பகுதியிற் கால்நடைக்கு நிலங் கண்டார். அங்கே தொன்றுதொட்டு வாழ்ந்தோர் குணைக்குர்ணை மக்கள். 1843இல் வாரிகல் ஓடையருகே அவருட் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்கொலைக்கு மக்மிலன் தலைமை தாங்கினாரென வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். மலைநாட்டிலே ஆட்டுக்காக மனிதர் பெயர்க்கப்பட்ட கொடுமை, மலைநாட்டார் கையாலேயே மறுகரையில் இரத்தத்துடன் நிகழ்ந்தது. அவர் பெயர் தாங்கிய பாராளுமன்றத் தொகுதியின் பெயரை 2018இல் மாற்றினர்.

இலங்கைக்கு வந்த ஸ்கொத்தியர் பெரும்பாலும் குடியேற வந்தாரல்லர். பொருளீட்டித் திரும்ப வந்தோரே. ஜேம்ஸ் டெயிலர் இதற்கு விலக்கு. 1852இல் வந்த அவர், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, தேயிலையே தோட்டங்களைக் காத்தது. 1892இல் அவர் இந்நாட்டிலேயே மறைந்தார். காட்டை வெட்டியும் கொழுந்து பறித்தும் அத்தோட்டங்களை ஆக்கியோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழராவர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. அக்குறை முற்றாக நீங்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. கம்பனிகளின் தோட்டங்கள் 1975இல் நாட்டுடைமையாயின. துரைமார் சென்றனர். அவர் தம் ஊரை நினைந்து இட்ட பெயர்களோ இன்றும் தோட்டப் பிள்ளைகளின் முகவரியாய் உள்ளன.