இரண்டே நாளில் அடங்கும் அரிப்பு

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் மணிக்கணக்கில் ஈரத்தோடு கிடக்கிறார்கள். சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் துணிச் சுற்று. கரையேறிய பிறகும் அந்தத் துணி பல நேரம் உடம்பிலேயே காய்கிறது. இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று வேர்வையும் ஈரமும் தங்கும் மடிப்புகளில் படர்தாமரை பிடிக்கிறது. வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்திருக்கும்.

வெளியில் சொல்லக் கூசும் இடம் என்பதால் நேரே மருந்துக்கடைக்குப் போகிறார்கள். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த களிம்பு கைக்கு வருகிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். எனக்குப் பயமே அந்த இரண்டு நாளில்தான். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிட, பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. வட்டம் கலைந்து மருத்துவரே அடையாளம் காணத் திணறுவார். தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும், அது மறையாது. டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரைக்குப் பல நேரம் மசியாத 'டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே' என்ற பூஞ்சை வகையும் இந்தியாவில் பரவியிருக்கிறது. 2020-ல் அதற்கு வைத்த பெயரிலேயே இந்தியா இருப்பது வேதனை.

14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதி கொண்டுவந்தது. குழாயில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்றிருந்தால் வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. சீட்டில்லாமல் விற்றால் மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். பாதிப்பு நேர்ந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. பில்தான் சாட்சி.

ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். அங்கே தரும் களிம்பைப் படைக்கு வெளியே இரண்டு விரல்கடை தள்ளியும் பூச வேண்டும். தோல் தெளிந்ததும் நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன நாள்வரை, பெரும்பாலும் இன்னும் இரண்டு வாரமாவது, தொடர வேண்டும். கர்ப்பம், கல்லீரல் நோய், இதய நோய் இருந்தால் மாத்திரைக்கு முன் சொல்லிவிடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு அரித்தால் அவருக்கும் சேர்த்து வைத்தியம் பாருங்கள்; துண்டு ஆளுக்கொன்று. உணர்ச்சியே இல்லாத தேமல் என்றால் அது வேறு. தொழுநோய்ப் பரிசோதனை உடனே தேவை.

குடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் ஊரில் 'நன்றாகக் குளி' என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு செம்பு நல்ல தண்ணீர் போதும், மடிப்புகளைக் கழுவ. கரையில் வைக்கும் பையில் ஒரு காய்ந்த பருத்தித் துணியும் மாற்று உடையும் இருக்கட்டும்.